புஷ்பத்தின் பச்சைப் பென்சில்

கண்டியை அடுத்த கெலிஓயாக் கடைத்தெருவில் புஷ்பத்தின் கோபத்தை அறியாதவர் இல்லை. தராசுத் தட்டில் சுண்டுவிரலை ஊன்றிய காய்கறிக்காரன், ஆள் ஏறுமுன் மணியடித்த பஸ் நடத்துநன், மணவறையில் விளக்கை மறைத்து நின்ற மாப்பிள்ளைத் தோழன் என அவள் நாவின் சூடு பட்டவர் பலர். சிலருடைய கோபம் மாவலி ஆற்று வெள்ளம் போன்றது. பெருகி வந்து வடிந்துவிடும். புஷ்பத்தினுடையதோ உமிக்குள் இட்ட நெருப்பு. பார்த்தால் சாம்பல்; கையை வைத்தவனுக்கே உள்ளிருப்பது தெரியும்.

புசல்லாவைப் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவள் அவள். கொழுந்துக் கூடையின் கயிறு தாயின் உச்சந்தலையில் முடியைத் தேய்த்து வழுக்கையாக்கியதைப் பார்த்து வளர்ந்தவள். அந்தக் கயிறு தன் தலைக்கு ஏறாது என்று சிறுவயதிலேயே வஞ்சினம் கூறியவள். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு மலையிறங்கி வந்து, முனாப் என்பவரின் வீடியோ ஸ்டூடியோவில் தொலைபேசிக்குப் பதில் சொல்லச் சேர்ந்தாள். விரைவிலேயே தொலைபேசியை வேறொருத்தியிடம் தள்ளிவிட்டு, எடிட்டிங் மேசையின் கதிரையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கதிரையை இருபது ஆண்டுகளாக விடவில்லை.

"ஒனக்கெப்ப புள்ள கலியாணம்?" என்று முனாப் கேட்கும்போதெல்லாம், அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் அவளிடமிருந்து ஒரே விடைதான் வரும்.

"ஆயிரம் மாப்பிள்ளைய ஸ்லோ மோஷன்ல பாத்துட்டேன் நானா. அதுவே போதும்."

வீடியோ ஒரே ஓட்டமாக ஓடுவதாகப் பார்ப்பவர் எண்ணுவர். உண்மையில் அது துண்டுகளைத் தொடுத்த மாலை. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடைப்பட்ட துண்டைத் தொழிற்காரர் ஷொட் என்பர். நாடாக்கள் ஓடிய காலத்தில் ஷொட்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு கருவியிலிருந்து மற்றதற்குப் பதிய வேண்டியிருந்தது. நடுவே ஒன்று பிசகினால் அதன் பின்னுள்ள யாவும் பாழ். ஆகவே கருவியைத் தொடுமுன் கலியாணம் முழுவதையும் வரைபுத்தாளில் வரைந்துவிடுவது முனாப்பின் வழக்கம். பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் பாடத்துக்கு வாங்கும் அதே கட்டத் தாள்தான். ஒரு ஷொட்டுக்கு ஒரு கம்பம். விநாடி கூடக் கூடக் கம்பம் உயரும். பெண் வீட்டார் சிவப்பு. மாப்பிள்ளை வீட்டார் நீலம். சமையற்காரர், பந்தற்காரர், மேளக்காரர் என்று மற்றவர் எல்லாரும் பச்சை. தாளைச் சற்றே தள்ளி வைத்துப் பார்த்தால் எந்த வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

கொம்பியூட்டர் வந்ததும் முனாப் அந்த வழக்கத்தைக் கைவிட்டார். புஷ்பம் விடவில்லை. கமெராக்காரன் எடுத்து வந்தவற்றுக்கு முதலில் ஒரு வரைபு, வேண்டாத கம்பங்களின் குறுக்கே பென்சிற் கோடு, பிறகுதான் வெட்டு. "கண்ணு ஏமாத்தும் நானா, கம்பம் ஏமாத்தாது" என்பது அவளுடைய வேதவாக்கு. அவர் கற்பித்த விதி இன்னொன்றும் இருந்தது: பெயர் தெரிந்த முகத்துக்கு ஐந்து விநாடி, தெரியாத முகத்துக்கு இரண்டு, முகமே வேண்டாத இடத்தில் கையோ காலோ போதும். கலியாண வீடுகளில் அந்த விதி ஒருபோதும் பொய்த்ததில்லை.

இவ்வளவில் அவள் பிறந்த தோட்டத்து அம்மன் கோயிலுக்குப் புதிய கோபுரம் எழுந்து, கும்பாபிஷேகம் நடந்தது. திருப்பணிச் சபையின் தலைவர் இராமநாதன், கண்டி நகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். வீடியோ வேலையை முனாப்பிடம் ஒப்படைத்தவரும் அவரே. மஹ்மூத் என்ற இளைஞன் ஒற்றைக் கமெராவோடு சென்று நாள் முழுவதும் எடுத்து வந்தான். ஓடைக்கரையிலிருந்து பால்குடங்கள் மலையேறியபோது, தோட்டத்தார் தப்பு என்று சொல்லும் பறையை முழக்கிக்கொண்டு முன்னே சென்றவர் கணபதி. புஷ்பத்தின் தந்தைக்குத் தம்பி முறை. ஆதலால் அவளுக்குச் சித்தப்பா.

புஷ்பம் வழக்கம்போல் வரைந்தாள், அடித்தாள், வெட்டினாள். இராமநாதன் பார்த்து மனம் குளிர்ந்தார். மண்டலாபிஷேகம் நிறைவுறும் நாளில் கோயில் முற்றத்தில் வெள்ளைத் திரை கட்டி அதைக் காட்டுவதென முடிவாயிற்று. வாடிக்கைக்காரர் சரியென்றதும், எடுத்த மூலக் காட்சிகளை அழித்து அடுத்த கலியாணத்துக்கு இடம் ஒழிப்பது ஸ்டூடியோவின் முறை. அவையும் அழிக்கப்பட்டன.

மண்டலம் பாதிகூடக் கழியவில்லை. தேயிலைக்கு மருந்தடிக்கும் மலையில் மார்வலி என்று உட்கார்ந்த கணபதி எழுந்திருக்கவே இல்லை.

கருமாதி முடிந்த மறுவாரம் அவர் மனைவி நல்லம்மா ஸ்டூடியோவுக்கு வந்தாள். கணபதிக்கு இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருந்தது. அதில் மீசை அரும்பாத ஒரு பையன் விழித்துக்கொண்டிருந்தான். அவனை அவளுக்கே தெரியாது.

"ஒங்க சித்தப்பா மூஞ்சிய ஒருக்காக் காட்டு புஷ்பம். கோயில்ல வீடியோ எடுத்தீங்கல்ல. வேற ஒண்ணும் வேணாம்."

"ஒக்காருங்க சித்தி. அவருதானே முன்னுக்குப் போனாரு. நெறைய இருக்கும்."

படம் ஓடியது. வைக்கோற் சுடரில் பறையின் தோல் காய்ந்தது. குச்சி பிடித்த விரல்கள் துள்ளின. புழுதி படிந்த பாதங்கள் தாளத்துக்கு மிதித்தன. வியர்வை ஒழுகும் முதுகொன்று படியேறியது. பிறகு இராமநாதன் வந்தார், குருக்கள் வந்தார், கலசத்தில் நீர் சொரிந்தது, மறுபடி இராமநாதன். நல்லம்மா கதிரையின் நுனிக்கு வந்திருந்தாள்.

"திரும்பப் போடு."

போட்டாள்.

"இது அவரு கை. இது அவரு காலு, பெருவெரல்ல நகம் இல்ல பாரு. மூஞ்சி எங்கடி?"

புஷ்பம் படத்தை முன்னும் பின்னும் ஓட்டினாள். முகம் இல்லை.

"கையப் பாத்து அழச் சொல்றியா?" என்றாள் நல்லம்மா. அதற்குமேல் உட்காரவில்லை. கொடுத்த தேநீர் அப்படியே ஆறியது.

தெய்வத்தைப் பாடும் புலவர் பாதத்தில் தொடங்கிக் கேசத்தில் முடிப்பர். பாதாதிகேசம் என்பது அந்த மரபு. திருவடியைக் கண்ட கண் திருமுகத்தைக் காணும்வரை ஓயாது. அம்மனுக்கு அந்த முறை தவறாமல் நடந்த அதே படத்தில், அம்மனுக்குப் பறை முழக்கியவனைப் பாதத்தில் தொடங்கி முதுகோடு நிறுத்திவிட்டார்கள். அடி உண்டு, முடி இல்லை. இப்படி ஒருவனைக் கழுத்தோடு அரிந்து வைக்க யாருக்கு மனம் வந்தது?

புஷ்பத்தின் உமிநெருப்பு ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. அது பாய்ந்த திசை இராமநாதன். அந்த மனிதர் மஹ்மூத்தைத் தனியே அழைத்து, இன்னாரை எடு, இன்னாரை எடுக்காதே என்று சொல்லியிருக்க வேண்டும். அதை வாயால் அன்றித் தாளால் நிறுவி அவர் முகத்தில் எறிய வேண்டும் என்று அவள் துணிந்தாள். முடிந்த படத்தை ஷொட் ஷொட்டாக நிறுத்தி வரைந்தாள். சபையார் சிவப்பு, அம்மனும் குருக்களும் மஞ்சள், மற்றவர் பச்சை. பச்சைக் கம்பங்களின் தலையில் முகமானால் 'மு' என்றும் கையானால் 'கை' என்றும் குறித்துக்கொண்டே போனாள்.

முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள். சிவப்புக் கம்பங்கள் தேயிலைக்கு நிழல் தர நட்டு, தோட்டத்தார் சவுக்கு என்று சொல்லும் மரங்களைப் போல நிமிர்ந்து நின்றன. அவற்றின் காலடியில் பச்சை, புல்லாகக் கிடந்தது. இரண்டு சிவப்புக்கு இடையில் ஒட்டுப்போடவே பச்சை வந்தது. பால்குடம் சுமந்த பெண்களும் குடங்களாகவே இருந்தார்கள். பச்சைக் கம்பத்தின் தலையில் ஓரிடத்திலும் 'மு' இல்லை.

"பாருங்க நானா!" தாளை முனாப்பின் மேசையில் அறைந்தாள். "இது தானா வந்த ஒழுங்கா? சொல்லிக் குடுத்து எடுத்திருக்கானுங்க. அந்த மஹ்மூத்தக் கூப்பிடுங்க. இன்னைக்கு அவன் தோல உரிக்கிறேன்!"

முனாப் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இது வெட்டி முடிச்சதுட வரைபு புள்ள. மஹ்மூத் எடுத்துக்கொண்டு வந்ததுக்கும் நீ ஒண்டு போட்டிருப்பாய்தானே. அதக் கொண்டு வா பாப்பம்."

அலுமாரியிலிருந்து அவள் அதை எடுத்து வந்தாள். விரித்தாள்.

அந்தத் தாளில் பச்சை, புல்லாகக் கிடக்கவில்லை. சிவப்புக்கு நிகராக உயர்ந்திருந்தது. மஹ்மூத், பாவம், கணபதியின் முன்னே பின்னோக்கி நடந்து நடந்து அவர் முகத்தை நெடுநேரம் எடுத்திருந்தான். ஒவ்வொரு நெடும்பச்சையின் குறுக்கேயும் பென்சிற் கோடு. ஒன்றின் அருகில் அவளுடைய கையெழுத்து: 'வியர்வை, வாய் திறந்திருக்கு. வேண்டாம். கை ஷொட் அழகு.'

யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் மிரட்டவில்லை. சுடரொளியில் துள்ளும் விரல் அழகாயிருந்தது. அந்த அழகுக்காக விரலை வைத்துக்கொண்டு ஆளை எறிந்துவிட்டாள். தன் தாயோடு கொழுந்து பறித்தவர்களை, தன்னைத் தூக்கி வளர்த்தவரை, 'மற்றவர்' என்ற பச்சையால் தானே தீட்டியிருக்கிறாள். அதுவும் பென்சிலைக் கூர்தீட்டி.

"நான் பழக்கிய பழக்கம்தான் புள்ள" என்றார் முனாப் தணிந்த குரலில். "கலியாண ஊட்ல சமையக்காரன் வந்து எண்ட மொகம் எங்கேண்டு கேக்கமாட்டான்."

"கேக்க மாட்டான்னுதான் வெட்டினோமா?"

அவள் பச்சைப் பென்சிலை எடுத்து இரண்டாக முறித்துக் குப்பைத் தொட்டியில் வீசினாள். முறித்து என்ன பயன்? மூலக் காட்சிகள் அழிந்த இடத்தில் மாவனல்லைக் கலியாணம் ஒன்று குடியேறியிருந்தது.

ஆயினும் தன்மேல் எழுந்த கோபம் பிறர்மேல் எழுந்ததை அவித்துவிடவில்லை. மறுநாள் கண்டிக்குப் போய் இராமநாதனின் கடையேறினாள். படத்தைத் திருத்தித் தருவதாகவும், முடிந்த படத்திலேயே பால்குடப் பெண்களின் முகம் இருக்கும் இடங்களைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்குவதாகவும், அதுவரை திரையிட வேண்டாம் என்றும் கேட்டாள்.

"இப்ப எதுக்கு மாத்தணும்? கடைசில தோட்ட மக்களுக்கு நன்றின்னு எழுத்து ஓடுதுல்ல?"

"எழுத்துக்கு மூஞ்சி இல்லீங்களே முதலாளி."

"தப்பு அடிக்கிறவன் மூஞ்சியப் பாக்கவா கண்டில இருந்து ஆளுங்க வாறாங்க?" அவர் சிரித்தார். கடைப்பையன்களும் சிரித்தார்கள். "என்னமோ செஞ்சுக்க. நாள மாத்த முடியாது. ஆனா ஒண்ணு, எனக்குப் பரிவட்டம் கட்டின எடத்துல ஒரு செக்கன் கொறைஞ்சிச்சு, முனாப்புக்கு இனி எந்தக் கோயில்லயும் வேல இல்ல. சொல்லிப்புட்டேன்."

"ஒரு செக்கனும் கொறைக்க மாட்டேங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள்.

அங்கிருந்தே புசல்லாவை பஸ் பிடித்தாள். லயத்தில் நல்லம்மாவின் காம்பரா என்னும் ஒற்றை அறைக்குள் நுழைந்ததும் உட்காராமலே சொன்னாள்.

"மூஞ்சி இருந்துச்சு சித்தி. நெறைய இருந்துச்சு. நான்தான் வெட்டினேன். இப்ப இல்ல."

நல்லம்மா அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"நீ இந்த லயத்துல பொறந்தவதானே?"

"ஆமா."

"காய்ச்சல்ல கெடந்தப்ப ஒன்னத் தோள்ல போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாரே, அந்த மூஞ்சி ஒனக்கு அசிங்கமாப் போச்சா?"

"திட்டுங்க சித்தி."

"திட்டினா வந்துருமா? டவுன் தண்ணி குடிச்சதும் எல்லாரும் தொரைமாருதான்." விறகை ஓங்கித் தள்ளினாள், தீப்பொறி பறந்தது. "அன்னைக்கி அவங்க வெரட்டுனாங்க. நீ மிச்சத்தையும் வெட்டிட்ட."

"யாரு வெரட்டுனது?"

"ஒனக்குத் தெரியாதா? ஓடையில இருந்து மேல வரைக்கும் அடிச்சாரு. கோயில் வாசலுக்கு வந்ததும், தப்ப நிறுத்து, இனி நாயனம்னுட்டாங்க. அந்த முதலாளி தலையில பட்டு கட்டுறப்ப எங்காளு கொடிமரத்துக்கிட்ட நிக்கிறாரு, தப்ப கக்கத்துல இடுக்கிக்கிட்டு, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு. வாங்கன்னு கூப்பிட்டேன். நகரவே இல்ல. அது முடியிற வரைக்கும் மொறைச்சுக்கிட்டே நின்னாரு."

பரிவட்டம் கட்டிய ஷொட் புஷ்பத்துக்கு மனப்பாடம். படத்திலேயே மிக உயர்ந்த சிவப்புக் கம்பம் அதுதான். மஹ்மூத் கருவறைப் பக்கம் நின்று வாசலை நோக்கி எடுத்தது. இராமநாதனின் தலைக்குப் பின்னால் வாசல். வாசலுக்கு அப்பால் கொடிமரம்.

"வாறேன் சித்தி" என்று படியிறங்கி ஓடினாள்.

ஸ்டூடியோவில் அந்த ஷொட்டை நிறுத்தி, இராமநாதனின் வலத்தோளுக்கு மேல் இருந்த மூலையைப் பெருக்கினாள். மணல் அள்ளித் தெளித்தாற்போலப் புள்ளிகள். புள்ளிகளின் நடுவே கொடிமரம், கொடிமரத்தருகே கணபதி. பட்டுத்துணியின் முதற்சுற்றிலிருந்து கடைசி முடிச்சுவரை அவர் அங்கேயே நின்றார், கண் இமைத்தார், தாடையை இறுக்கினார், கமெராவையே பார்த்தார். எத்தனையோ முறை அந்த ஷொட்டைப் பார்த்தவள் அவள். முன்னே நிற்பவனைக் கொண்டு கம்பத்துக்கு நிறம் தீட்டியதால், அதற்குள் இன்னொருவர் இருப்பதைக் காணவே இல்லை. கம்பமும் ஏமாற்றும், தீட்டுகிற கை ஏமாற்றினால்.

அவள் ஷொட்டின் நீளத்தில் கை வைக்கவில்லை. காட்சியின் சட்டத்தை மட்டும் நெருக்கினாள், முகம் திரையை நிரப்பும்வரை.

மாலையில் முனாப் வந்து எட்டிப் பார்த்தார். திரையில் கணபதி முறைத்துக்கொண்டிருந்தார். வலப்புறம் ஒரு பட்டுச் சால்வைத் தோள்.

"யா அல்லாஹ். முதலாளிட தல எங்க புள்ள?"

"சட்டத்துக்கு வெளிய இருக்கு நானா. ஒரு செக்கனும் கொறைக்கல. எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். கோயில் வேலைகள் அவர் வருமானத்தில் சிறு பங்கல்ல. அதை இருவரும் அறிவர்.

"நான் இதப் பாக்கல்ல" என்றார் கடைசியில். கதவடியில் நின்று திரும்பி, "மத்தப் பொம்புளையள்ட மொகத்தையும் தேடிப் பாரு. குடத்துக்குப் பின்னால இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மண்டலாபிஷேக நிறைவன்று அந்தி சாயும் வேளையில் திரை கட்டினார்கள். முன்வரிசைக் கதிரைகளில் சபையார். பின்னே பாய்களிலும் படிகளிலும் தோட்டத்தார். நல்லம்மா வரமாட்டேன் என்றவள், எல்லாருக்கும் பின்னால் கொடிமரத்தடியில் வந்து நின்றிருந்தாள். படம் தொடங்கியது. குடங்களுக்குப் பின்னால் முகங்கள் தெரியத் தெரியப் பாய்களிலிருந்து கூச்சல் எழுந்தது.

"ஏய், அது பாப்பம்மா! பல்லக் காட்டுறா பாரு!"

"வாய மூடு, நீ இனிமேத்தான் வருவ!"

இராமநாதன் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார். தம் இடம் வருமென்று பொறுத்திருந்தார். நாயனம் முழங்கியது, குருக்களின் குரல் கேட்டது, பட்டுத்துணி நீண்டது. திரையில் எழுந்தது புள்ளி படர்ந்த ஒரு பெருமுகம். கூச்சல் அறவே அடங்கிற்று. கணபதி, தம்மை வாசலில் நிறுத்திய கோயிலையும் முன்வரிசைக் கதிரைகளையும் ஒருங்கே முறைத்தார். திரையின் ஓரத்தில் தலையில்லாத தோளொன்று மரியாதை பெற்றுக்கொண்டிருந்தது.

இராமநாதன் துள்ளி எழுந்தார்.

"நிறுத்து! என் மூஞ்சி எங்க? என் மூஞ்சி எங்கடா?"

"அதத்தான் நானும் கேட்டேன்" என்றாள் நல்லம்மா, கொடிமரத்தடியிலிருந்து. உரக்கச் சொல்லவில்லை. அந்த அமைதியில் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படத்தை நிறுத்த எழுந்தவர்கள் பாய்க்காரர்களைக் கடந்து வர வேண்டியிருந்தது. பாய்க்காரர்கள் காலை மடக்கி வழிவிடவில்லை. கடைசி முடிச்சு விழும்வரை கணபதி முறைத்து முடித்தார்.

முனாப்புக்கு அந்தச் சபையில் வேலை போயிற்று. அதன் பேச்சைக் கேட்ட வேறு இரு கோயில்களிலும் போயிற்று. புஷ்பம் வந்து மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாம் என்று ஆள் வந்தது. வந்தவன் அவள் வாயில் விழுந்து, வந்த வழியே போனான். அவள் இப்போதும் வரைபு போடுகிறாள். பச்சை மட்டும் இல்லை. மற்றவர் என்ற பிரிவை எடுத்துவிட்டு, சமையற்காரரானால் பெயரைக் கேட்டுக் கம்பத்தின் மேல் எழுதுகிறாள். அதனால் வேலை பிந்துகிறதென்று முனாப் முணுமுணுக்கிறார்.

அந்த ஷொட்டின் ஒரு சட்டகத்தை அச்சிட்டுக் கண்ணாடி போட்டு, புஷ்பமே லயத்துக்குக் கொண்டு போனாள். நல்லம்மா வாங்கி விளக்கருகே பிடித்தாள்.

"இந்த மூஞ்சிய எனக்குத் தெரியும்" என்றாள். "சோத்துல உப்பு கொறைஞ்சா இதே மூஞ்சிதான்."

பொட்டிட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள். படம் வந்ததைக் கேட்டு நுழைந்த பக்கத்துக் காம்பராக்காரி ஏறிட்டுப் பார்த்து, "என்னா அக்கா, சிரிச்ச மாதிரி ஒண்ணு கெடைக்கலியா? வாறவங்கள எல்லாம் மொறைக்கிறாரே" என்றாள்.

"மொறைக்கட்டும்" என்றாள் நல்லம்மா. புஷ்பத்தின் பக்கம் திரும்பாமலே, ஒரு பலகையை அவள் பக்கம் காலால் தள்ளினாள். "ஒக்காரு. தேத்தண்ணி ஊத்துறேன்."